பால் கறக்கும் சட்டை

எனக்கு அந்த மாட்டைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை மாட்டுப் பிரியன் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் கை நடுங்கத் தொடங்கும்வரை எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன் நான். லோரி, சாவியைத் திருப்பினால் கிளம்பும், திருப்பினால் நிற்கும். மாடு அப்படியா? அது என் மனைவியின் மாடு. அவளைப் பார்த்தால் காதை ஆட்டும், என்னைப் பார்த்தால் மாமியார் மாதிரி முறைக்கும்.

சாஹிவால் சாதி என்று ஊசி போட வந்த கால்நடை இலாகா அதிகாரி சொன்னார். மலாய்க்காரர், பொறுமையாகப் பேசுகிறவர். பஞ்சாப் பக்கத்தில் தோன்றிய இனமாம். முழு இரத்தமா கலப்பா என்று அவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அடையாளங்கள் இருந்தன. செங்கல் நிறம், கட்டைக் கொம்பு, சின்னத் திமில், நடக்கும்போது இப்படியும் அப்படியும் ஆடும் அலைதாடி. தோலோ, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டதுபோல் தொளதொளவென்று இருக்கும். அந்தத் தோலை ஒரு தடவை சிலிர்த்தால் ஈ பறந்துவிடும். உண்ணியும் அவ்வளவாக ஒட்டாது. பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை மாடு மத்தியானத்தில் நாக்கைத் தள்ளிக்கொண்டு செம்பனை நிழலில் கிடக்கும்போது, எங்கள் செவலை வெட்டவெளியில் நின்று முரட்டு லாலாங் புல்லைக்கூட விடாமல் மென்றுகொண்டிருக்கும்.

அந்தக் கறுப்பு வெள்ளை வாளி வாளியாகக் கறக்கும், ஆனால் இந்த வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தாங்காது என்றார் அதிகாரி. இது கொஞ்சமாகத்தான் கறக்கும், ஆனால் எதற்கும் அசையாமல் நிற்கும், வயதாகியும் கன்று போடும் என்றார். என் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் பெருமை தாங்காமல் நின்றாள். அவர் சொன்னபடியே அந்தப் பக்கத்து மாடு அடுத்த மழைக்குள் செத்தது. செவலை நின்றது. எங்கள் வீட்டில் போனது வேறு ஆள்.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. கோலா பிலா ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகும் நாட்களிலும் விடியற்காலையில் கறந்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவாள். நான் கறக்கிறேன் என்றால் விடமாட்டாள். "உங்களுது ஸ்டேரிங் புடிச்ச கைங்க, அது பயந்துரும் லா" என்பாள். ஒருநாள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

கருமாதி முடிந்ததும் மகளும் என் தங்கையும் அவளுடைய புடவை, கைலி, செருப்பு எல்லாவற்றையும் பைகளில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அப்படித்தான் செய்யவேண்டுமாம், வீட்டில் இருந்தால் துக்கம் நீங்காதாம். அலமாரியைத் திறந்தால் ஹேங்கர்கள் மட்டும் ஆடின. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபப்பட்டேன்.

மகள் கிள்ளானில் அடுக்குமாடியில் இருக்கிறாள். என்னை உடனே கிளம்பச் சொன்னாள். மாடு இருக்கிறதே என்றேன். மாட்டைச் சாக்கு சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மா கவிழ்த்து வைத்த சட்டி கவிழ்த்தபடியே இருக்கும் வீட்டைவிட்டு என்னால் வர முடியாது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.

"சரிப்பா, அது பால் குடுத்தா இருங்க. வத்திப்போச்சுன்னா வித்துட்டு வந்துரணும். தனியா ஒக்காந்துகிட்டு யாரப் பாக்கப் போறீங்க?" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது.

அந்தச் சாதிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கன்று முட்டிக் குடித்தால்தான் மடி சுரக்கும். கன்றை இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தால், உட்கார்ந்தது யார் என்று திரும்பி மோந்து பார்க்கும். பழகிய ஆள் என்றால் விடும். இல்லாவிட்டால் பாலை ஏற்றிக்கொள்ளும். காம்பு வெறும் தோலாகத் தொங்கும். கன்றை அவிழ்த்துவிட்டால் மறுபடி சுரக்கும். நான் உட்கார்ந்தால் அடக்கும். தவிடு வைத்தேன், புண்ணாக்கு வைத்தேன், தடவிக் கொடுத்தேன், திட்டினேன். "விடு தாயே, விடு" என்று கெஞ்சினேன். கன்றுக்கு வேண்டியதை மட்டும் சுரந்துகொண்டு மடி நாளுக்கு நாள் சிறுத்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு பிடிக்கும் வியாபாரி ஒருவர் வந்து, அதன் தொங்கு தோலைக் கொத்தாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, வற்றியதும் கூப்பிடச் சொல்லிப் போனார்.

சட்டை கொட்டகையில் இருந்தது. அது முதலில் என் சட்டைதான், லோரி ஓட்டிய காலத்துக் காக்கி முழுக்கைச் சட்டை. காலர் கிழிந்ததும் அவள் எடுத்துக்கொண்டாள். வருஷக்கணக்காக அதைப் போட்டுக்கொண்டுதான் கறந்தாள். வீச்சம் தாங்காது என்று வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டேன், அதனால் கொட்டகை ஆணியிலேயே மாட்டியிருப்பாள். துணிகளைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு அது அவளுடைய துணி என்றே தோன்றவில்லை.

ஒரு காலை, கொசு பிடுங்கியதால் அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். வேறு எந்த யோசனையும் இல்லை. கன்றை இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். செவலை திரும்பியது. என் தோளில் மூக்கை வைத்து நீளமாக மூச்சிழுத்தது. பிறகு உடம்பு முழுக்கத் தளர்ந்ததுபோல் நின்றது. காம்பு என் கையிலேயே தடித்தது. வாளியில் பால் விழும் சத்தம் கேட்டதும் நானும் சட்டைக் கைக்குள் மூக்கைப் புதைத்தேன். சாணம், தேங்காய் எண்ணெய், முழங்காலுக்குத் தடவும் தைலம். அவள்தான். கருமாதியன்று வராத அழுகை அங்கே வந்தது.

அதன் பிறகு தினமும் அந்தச் சட்டைதான். பகாவில் தேநீர்க்கடை வைத்திருக்கும் பாய்க்கு மறுபடி பால் போனது. ஆடை கட்டும் இந்தப் பாலில் போட்ட தேத்தண்ணியே தனி என்று அவர் மகிழ்ந்தார். மகளிடம் சட்டை விஷயத்தைச் சொன்னேன். அதன்பின் அவள் என்னைக் கிளம்பி வரச் சொல்லவில்லை.

சட்டையைத் துவைக்கவே இல்லை. இருந்தும் வாசனை போய்க்கொண்டிருந்தது. முதலில் எண்ணெய் போனது, பிறகு தைலம். என் சிகரெட்டும் என் வியர்வையும் ஏறிக்கொண்டன. செவலை மட்டும் தினமும் திரும்பி மோந்து, அவளைத் தேடி, எங்கேயோ கண்டுபிடித்துக்கொண்டுதான் விட்டது. காலையில் அந்த மூக்கு என் தோளில் படும் நேரத்துக்காகவே எழுந்தேன் என்றால் பொய்யில்லை. மாட்டைப் பிடிக்காது என்று சொன்னதும் பொய்யில்லை.

போன மாதம் கூரை ஒழுகிச் சட்டை நனைந்துவிட்டது. கொடியில் போட்டிருந்தேன். மறுநாள் காலை தூக்கக் கலக்கத்தில் பனியனோடு போய் உட்கார்ந்துவிட்டேன். வாளி பாதி நிறைந்த பிறகுதான் கவனித்தேன். செவலை திரும்பவில்லை. மோந்து பார்க்கவில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அசைபோட்டபடி தன்பாட்டுக்கு விட்டுக்கொண்டிருந்தது.

கையை எடுத்தேன். மறுபடி வைத்தேன். பால் வந்தது. விடு விடு என்று கெஞ்சியவன், அதன் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு, "அடக்கு, கொஞ்சம் அடக்கு" என்றேன். அது கேட்கவில்லை. இந்தத் தோட்டத்தில் அவள் வருவாள் என்று காத்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். இனி நான் ஒருத்தன்.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

"பால் குடுக்குதாப்பா?"

"நல்லா குடுக்குது."

"அம்மா சட்ட இன்னும் தாங்குதா?"

தாங்குகிறது என்றேன்.

மறுநாள் காலை கொடியிலிருந்து அதை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கொட்டகைக்குப் போனேன். மாட்டுக்கு அது தேவைப்படவில்லை.