புழுவில்லாக் கத்தரிக்காய்

பூச்சிமருந்து அடித்த மறுநாளே கத்தரிக்காயைப் பறித்துப் பக்கத்து வீட்டுக்குப் பரிசு கொடுத்த மேதாவி நான்.

வெளிநாட்டு மருந்து டப்பாக்கள் ஊரெல்லாம் வந்து இறங்கிய காலம். சித்தூர்ப் பக்கம் பாகாலாவிலிருந்து நகரி ஊருக்கு வந்து ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா பவர்லூம் ஓட்டுபவர். ஒட்டிய கன்னம், தலையெல்லாம் தறியில் பறந்து ஒட்டிய பஞ்சு. எந்தக் காயையும் பச்சையாகக் கடித்துப் பார்த்த பிறகுதான் சமைப்பார்.

என் காயையும் வாயருகே கொண்டுபோனார்.

"நேத்துதான் மருந்து அடிச்சேன்க்கா, ஒரு புழு இருக்காது," என்றேன் பெருமையாக.

காய் என் மூக்கில் வந்து வெடித்தது. அடுத்து விழுந்த அறையில் காதுக்குள் பவர்லூம் ஓடியது.

"எம் புள்ளைங்களுக்கு விஷமாடா குடுக்கற?"

மண்வெட்டியோடு வேலி தாண்டி வந்து, என் செடிகள் அத்தனையையும் வெட்டிச் சாய்த்தார். மருந்தடிக்கும் பம்பை மிதித்தே நசுக்கினார். நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

சாயங்காலம் கேழ்வரகுக் களியும், அவர் கொல்லையில் விளைந்த கீரைக் கடையலும் கொண்டுவந்து வைத்தார். அடித்த கையே களியும் கிண்டியது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வீங்கிய மூக்கோடு கேட்டேன்: "உங்க கீரையில புழு இருக்குமேக்கா?"

"புழுவே துன்னுட்டு உயிரோட கீது, நீயும் துன்னு."