கூண்டில் சொன்ன சொல்

மாவட்ட நீதிமன்றத்தில் அவளுக்குத் துபாஷியம்மா என்று பெயர். வைத்தது பழைய தலைமை எழுத்தர். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் பெயர் போகவில்லை. தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் கூண்டில் ஏறினால், பக்கத்தில் நின்று அவர்கள் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்வது அவள் வேலை. இருபத்து மூன்று வருடங்களில் யாரிடமும் "என்ன சொன்னீங்க?" என்று இரண்டாம் தடவை கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த வழக்கு மதிய இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. கூண்டில் நின்றவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய தங்கை கணவரும் அங்கேதான் வேலை. ஒருநாள் காலையில் மச்சான்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. அன்று மத்தியானமே, சரக்கு இறக்குவதற்காக மூன்றாம் மாடியில் தடுப்பில்லாமல் விட்டிருந்த திறப்பு வழியாகத் தங்கை கணவர் விழுந்து செத்துப்போனார். அப்போது பக்கத்தில் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

"காலையில அப்படிப் பேசிட்டேனேன்னு மனசு கேக்கல அய்யா. போய் அவனைக் கட்டிப் பிடிச்சேன். அவனுக்குக் கோவம் ஆறல போல, உதறினான். கால் பின்னால போயிருச்சு" என்றார்.

கட்டிப் பிடித்துச் சண்டை போட்டார்கள் என்றும் தமிழில் சொல்கிறோம். காலையில் சண்டை, பிறகு உதறல், பிறகு சாவு. துபாஷியம்மாவின் நாக்கு அந்தத் தடத்திலேயே ஓடிவிட்டது. 'மனசு கேக்கல' என்பதை மனம் ஆறவில்லை என்று சொன்னாள். 'கட்டிப் பிடிச்சேன்' என்பதற்கு 'கிராப்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டாள். பாய்ந்து பிடிப்பதற்கும் அந்தச் சொல்தான். இரண்டும் சேர்ந்ததில், மனுஷன் கறுவிக்கொண்டு போய்ப் பிடித்தது போல ஆகிவிட்டது. ஒன்பது வருடச் சிறை என்று தீர்ப்பானது.

எட்டு மாதம் கழித்து நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பெண் வழி மறித்தாள். சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. செத்தவரின் மனைவி, உள்ளே இருப்பவரின் தங்கை.

"நீங்கதானேம்மா அன்னிக்கு எங்கண்ணன் பக்கத்துல நின்னீங்க?"

"ஆமா."

"கட்டிப் பிடிச்சேன்னுதானே சொன்னாரு? என் காதால கேட்டேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு தீர்ப்பைப் படிச்சுச் சொல்லுச்சு. அதுல கோவத்தோட பாய்ஞ்சு பிடிச்சாருன்னு இருக்காம். அதை யாரு சொன்னது?"

அவள் நீட்டிய தீர்ப்பின் பக்கத்தைத் துபாஷியம்மா நின்றபடியே படித்தாள். பிறகு சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அவள் நடந்ததைச் சொன்னதும் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு. நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும்" என்றாள்.

மறுநாளே தன் தவறை எழுதி, சிறையில் இருப்பவரின் வக்கீலிடம் கொடுத்தாள். மேல்முறையீட்டில், இத்தனை வருடம் யார் யாருக்கோ பக்கத்தில் நின்ற கூண்டில் அவளே ஏறினாள். அன்றைய சாட்சியத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அரசு வக்கீல் தலையணை கனத்துக்கு ஒரு அகராதியோடு எழுந்தார்.

"அப்படியானால் எது சரியான சொல்?"

"எம்பிரேஸ்." தழுவுதலுக்கு ஆங்கிலச் சொல்.

அவர் புரட்டினார். "ஒரு மதத்தில் சேர்வதற்கும் இந்தச் சொல்தான். புதிய கொள்கையை ஏற்பதற்கும் இதுதான். பலவற்றை உள்ளடக்குவதற்கும் இதுவே. இவர் மச்சானை எந்தப் பொருளில் தழுவினார்?"

அவையில் சிரிப்பு எழுந்தது.

"ரெண்டு கையாலயும்" என்றாள் துபாஷியம்மா. சிரிப்பு அடங்கிப்போனது.

கொலை இல்லை, விபத்து என்று தீர்ப்பு மாறியது. அதற்குள் அந்தப் பெண்ணின் அண்ணன் இரண்டரை வருடம் உள்ளே கழித்திருந்தார். துபாஷியம்மாவின் பெயரை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வழியனுப்ப யாரும் வரவில்லை. மேசையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

விடுதலை அன்று தங்கை அவளையும் கூப்பிட்டிருந்தாள். சிறை வாசலில் அவர் ஒரு துணிப்பையோடு வந்தார், பாதி ஆளாக இளைத்து. தங்கை அழுதுகொண்டே இரண்டு கையையும் விரித்து ஓடினாள். அவர் சட்டென்று பின்வாங்கினார். "வேணாம். தள்ளி நில்லு" என்றார். அவள் கைகள் அப்படியே நின்றன. பிறகு ஒரு கை மட்டும் நீண்டு அந்தப் பையை வாங்கிக்கொண்டது.

"நான்தான் அன்னிக்கு..." என்று துபாஷியம்மா ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. நீங்க ஒரு வார்த்தையை மாத்திட்டீங்க, பிறகு வந்து திருத்தினீங்க. நான் அவன் பக்கத்துல போகாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான். அதை எந்தப் பாஷையில திருத்துறது?"

அண்ணனும் தங்கையும் பேருந்து நிறுத்தம் வரை ஒரு முழம் இடைவெளி விட்டே நடந்தார்கள்.

இப்போது அவர் பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறார். தனி ஆளாகச் செய்கிற வேலை என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். தங்கை வாரம் ஒருமுறை சாப்பாடு கொண்டுபோய் வாசல் மேடையில் வைத்துவிட்டு வருகிறாள்.