செவலை மாட்டுக்கு விழுந்த ஏச்சு

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு முதல் மோட்டார் லாரி வந்தபோது, வெள்ளைக்காரத் துரை அதை என்னிடம்தான் ஒப்படைத்தார். அன்றிலிருந்து சாலையே என் சொந்தம் என்ற நினைப்பு எனக்கு.

ஒருநாள் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு செமோரிலிருந்து ஈப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை பெய்து ஓரமெல்லாம் சேறு. நடுச்சாலையில் ஒரு மாட்டு வண்டி ஆடி அசைந்து போனது. ஹாரன் அடித்தேன், விலகவில்லை. வண்டிக்காரரின் தாயையும் இழுத்து நாக்கூசாமல் ஏசினேன். அப்போதும் விலகவில்லை. லாரியைக் கிளப்பச் சுற்றும் இரும்புக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். அடித்தே இருப்பேன்.

அவர் வண்டியை நிறுத்தினார். என் கையிலிருந்த இரும்பை ஓரக்கண்ணால் பார்த்தாரே தவிர, என் பக்கம் திரும்பவே இல்லை. தன் செவலை மாட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏண்டா செவல, ஓரத்துல எறங்குனா சக்கரம் பொதஞ்சிரும்னு உனக்குத் தெரியாதா? வாய்க்கு வந்தபடி ஏசுவியா? இரும்ப வேற தூக்கிக்கிட்டு வாரே, வெக்கமா இல்ல?"

மாடு பாவம், அசைபோட்டபடி நின்றது. எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது.

அவர் மாட்டின் கழுத்தைத் தடவினார். "சரி விடு. காலையிலேருந்து நீ ஒண்ணும் குடிச்சிருக்க மாட்டே."

சொல்லிவிட்டு, கோப்பிப் போத்தலை என்னிடம் நீட்டினார்.

"குடிங்கண்ணே. பாலத்துக்கிட்ட ஒதுங்கி வழி விடுறேன்."

அதன்பிறகு நான் சாலையில் மனிதர்களை ஏசுவதில்லை. கோபம் வந்தால் லாரியைத்தான் ஏசுகிறேன். ஏசி முடித்ததும், இன்ஜின் சூடு தணிய அதற்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன்.