மேற்படி

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் பவர் அக்கா. அதிகாரம் பண்ணுகிறவள் என்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் பெயர் வந்தது லென்ஸின் பவரால். யாருடைய கண்ணாடியையும் கையில் வாங்கி, சுவர்க் காலண்டருக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, "ரெண்டு... இல்ல, ரெண்டேகால்" என்பாள். மெஷினில் வைத்தால் அதேதான் காட்டும். பதினோரு வருஷம் லென்ஸ் தேய்த்தவள், பிறகு கண் சோதிக்கவும் படித்துத் தேறியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் சபைக்குப் போவாள். சபைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் உண்டு: வயிற்றுப்பாட்டுக்கு வேலை, ஆண்டவருக்கு ஊழியம். வேலை என்ற கட்டத்தில் "கண்ணாடிக் கடை" என்று எழுதினாள். ஊழியம் என்ற கட்டத்தில் "மேற்படி" என்று எழுதினாள். சபைச் செயலாளர் பெரிய ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சோம்பலில் எழுதியிருக்கிறாள் என்று நினைத்து அதை அடித்துவிட்டு, சிவப்பு மையில் "இல்லை" என்று திருத்தினார். பவர் அக்கா அதைப் பார்த்தாள்.

அந்தச் செயலாளர்தான் ஒரு வெள்ளிக்கிழமை பெரிய அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தார். சபையார் கொடுத்த பழைய மூக்குக் கண்ணாடிகள், மொத்தம் எண்பத்து மூன்று.

"துடைச்சு, உறையில போட்டுக் குடுத்தா போதும்மா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஏழைங்களுக்குக் குடுத்துடலாம்."

"யாருக்கு எதுன்னு எப்படி சார் தெரியும்?"

"மேஜையில பரப்பி வைப்போம். போட்டுப் பாத்து எடுத்துக்கட்டும். இல்லாதவங்களுக்கு ஏதோ ஒண்ணு கிடைச்சா சரிதானே?"

பவர் அக்கா பெட்டியைக் கிளறி ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "உங்களோடதைக் கழட்டிட்டு இதைப் போடுங்க. அப்படியே நம்ம கடைப்படியில இறங்குங்க பாப்போம்."

செயலாளர் போட்டுக்கொண்டு ஒரு அடி வைத்தார். அடுத்த அடியில் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஏதோ ஒண்ணு கிடைச்சுதா சார்?"

"விளையாடாதம்மா. எண்பத்து மூணு பேருக்குன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. சிறப்பு விருந்தினர் வேற வர்றார்."

"கண்ணாடியை எண்ணிட்டீங்க. கண்ணை யாரும் பாக்கலையே. நாளைக்கு அவங்களை வரச் சொல்லுங்க. நான் ஒவ்வொருத்தரா பாத்துடறேன்."

போனில் விஷயம் போதகருக்குப் போனது. "சனிக்கிழமை முழுக்க உன்னால ஆகுமாம்மா?" என்று அவர் கேட்டார். "கடையில தினமும் அதைத்தானே பாஸ்டர் பண்றேன்" என்றாள்.

அவள் இப்படிப் பிடிவாதம் பிடிக்க ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இலவச முகாமுக்கு லென்ஸ் போட்டாள். சரியான பவர் கையிருப்பில் தீர்ந்துபோனபோது, அதற்கு அடுத்ததை எடுத்து மாட்டினாள். ஓசிக் கண்ணாடிதானே, கிட்டத்தட்ட இருந்தால் போதாதா? ஒரு வாரம் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். தண்ணீரில் இறங்குகிறவள் மாதிரி காலால் படியைத் துழாவிக்கொண்டே ஏறி, "பிரமாதமாத் தெரியுதும்மா, நீ நல்லாயிருக்கணும்" என்றாள். பவர் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவளை உட்காரவைத்து அன்றே சரியான லென்ஸை மாற்றிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து ஒரு கண்ணாடிகூடக் கிட்டத்தட்ட என்று வெளியே போனதில்லை. இது அன்பா, கைவேலைத் திமிரா என்று தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு. எதுவாக இருந்தாலும், லென்ஸ் மட்டும் சரியாக வந்தது.

சனிக்கிழமை சபைக் கூடத்தில் வரிசை நின்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஊசியும் நூலும் கொடுத்துக் கோர்க்கச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் முப்பது பேருக்குப் பெட்டியிலிருந்தே பொருந்திவிட்டது. மற்றவர்களின் அளவுகளைக் குறித்துக்கொண்டு, வரும் நாட்களில் கடையின் சாப்பாட்டு இடைவேளைகளில் ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தருவதாகச் சொன்னாள். அப்போதுதான் பொத்தான் அம்மா வந்து உட்கார்ந்தார். தையல் கம்பெனியில் கோட்டுகளுக்குக் கையால் பொத்தான் வைக்கிறவர்.

"திங்கக்கிழமைலேருந்து ஒரு பொத்தான் கோணினாலும் வேலைக்கு வராதீங்கன்னுட்டான் சூப்பர்வைசர். கோணினது பொத்தானா நானான்னு கேட்டேன். சிரிக்கவே இல்ல, பாவி."

பவர் அக்கா சிரித்துக்கொண்டே சோதித்தாள். வலது கண்ணுக்கு இரண்டு. இடது கண்ணுக்கு மூன்றேகால். அப்படி ஒரு ஜோடி பெட்டியில் இல்லை.

"கிட்டத்தட்ட ஏதாவது இருந்தாக் குடு கண்ணு. நான் சமாளிச்சுக்குவேன்."

"அந்தப் பேச்சே வேணாம்மா. திங்கக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்குக் காலையில சீக்கிரமா வாங்க."

பெட்டியில் பெரிய சட்டம் போட்ட ஒரு கண்ணாடியில் இடது பக்கம் மூன்றேகால் இருந்தது. இன்னொன்றில் வலது பக்கம் இரண்டு. இரண்டையும் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனாள். பொத்தான் அம்மாவின் இரண்டு கண்களுக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்து, லென்ஸ்களின் நடுவில் மைப்புள்ளி வைத்தாள். அவர் முகத்துக்கு ஏற்ற சின்னச் சட்டத்துக்குள் அடங்க, இரண்டையும் சுற்றிலும் தேய்த்துக் குறைக்க வேண்டும். மூன்றேகால் பழைய காலத்து லென்ஸ். ஓரம் தெறித்தால் மாற்றுக்கு வேறு இல்லை. கடையிலும் அந்தப் பவர் இல்லை.

"ஆண்டவரே, கை நடுங்காம நீர் பாத்துக்கும். மீதியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் சாணைக்கல்லை ஓடவிட்டாள். தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸ் தேய்ந்தது. ஒரு இடத்தில் கிறீச்சென்றது. எடுத்து நகத்தால் ஓரத்தைத் தடவினாள். தெறிக்கவில்லை. மறுபடி வைத்தாள். சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தபோது டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் அவளுக்கு எப்போதுமே பிடிக்கும்.

ஞாயிறு காலை, ஆராதனைக்கு இன்னும் அரைமணி நேரம். பொத்தான் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை வாங்கினார். நூல் ஒரே தடவையில் உள்ளே போனது. வெளியே எடுத்தார். மறுபடி கோர்த்தார். மூன்றாவது தடவையும் கோர்த்தார்.

அப்போது செயலாளர் புதுக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வேகமாக வந்தார். "எத்தனை ஆச்சு? முப்பதா, எண்பத்து மூணா? விருந்தினர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"முப்பத்தொண்ணு சார்" என்றாள் பவர் அக்கா.

பொத்தான் அம்மா அவருடைய நெஞ்சையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், உங்க ரெண்டாவது பொத்தான் கோணலா இருக்கே. யாரு தச்சது?"

"கடையில வாங்கினதும்மா. போன மாசம்தான்."

பொத்தான் அம்மா கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டிச் சீட்டைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க கம்பெனி கோட்டு! நான்தான் தச்சிருப்பேன். கழட்டுங்க சார், கழட்டுங்க."

"இப்பவா? விருந்தினர் வந்துட்டாரும்மா, கார் சத்தம் கேக்குது!"

"வரட்டும். கோணப் பொத்தானோட போட்டோ எடுத்தா எனக்கில்ல அவமானம்?"

செயலாளர் கழற்றிக் கொடுத்தார். சட்டையோடு நின்றவர், பக்கத்து மேஜையில் அடுக்கியிருந்த முப்பது உறைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஆள் பெயரும் அளவும் எழுதியிருந்தன. ஓர் உறையை எடுத்துப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"ஏம்மா, பதிவேட்டுல அந்த 'மேற்படி'யைத் திரும்ப எழுதிடட்டுமா?"

"உங்க பேனா கோட்டுப் பையில இருக்கு சார்" என்றாள் பவர் அக்கா. "அம்மா முடிக்கட்டும்."

வாசலில் விருந்தினர் காத்திருந்தார். பொத்தான் அம்மா அவசரப்படவில்லை. பொத்தானைத் துளைக்கு நேரே வைத்துப் பார்த்து, நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.