அக்கா பாடப் போன வீடுகள்

கர்த்தருக்குள் நித்திரையடைந்த என் அக்கா ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்தவர். நான் அவருக்கு ஏழு வயது இளையவன். அப்பா பாக்டரி வேலையில் இருக்கும்போதே இறந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கள்ளிக்குப்பத்துக்கு வந்தோம். அக்கா பத்தாவதோடு நின்று அம்பத்தூரில் தையல் கம்பெனிக்குப் போனார். என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "போடா, வேற வேல இல்ல" என்பார்.

காலையில் பாட்டும் ஜெபமும் முடிந்துதான் எங்கள் வீட்டில் டீ. சபையிலும் பாட்டை எடுத்துக் கொடுப்பது அக்காதான். அவர் வராத ஞாயிறு ஆளுக்கொரு ராகமாகப் போகும்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் படுக்கையில் இருந்தார். அக்காவைப் பாடக் கூப்பிட்டார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே நடந்தது. அதிலிருந்து, ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு அக்காவைக் கூப்பிடுவது சபையில் வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னால் யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் அவர் பாடப் போன வீடுகளில் பிழைத்தவர் இல்லை.

பயம் வந்துவிட்டது. அக்கா பாட்டுப் புத்தகத்தோடு தெருவில் நடந்தால் சில வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். மளிகைக் கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"இன்னா சிஸ்டர், இன்னிக்கு யார் ஊட்ல?"

"யார் ஊட்லயும் இல்லண்ணா. கோயிலுக்குப் போறேன்."

"அப்டியே எங்க ஊட்டாண்ட ஒரு நட வந்துட்டுப் போயேன். மாமியாக்காரி குத்துக்கல்லு மாதிரி கீது."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அன்று இரவு சாப்பிடவில்லை.

நானும் பயந்தவன்தான். என் மகளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே அக்காவை நிறுத்தினேன்.

"உள்ள வாக்கா. பாட்டு மட்டும் வாணாம்."

"சரிடா."

வாயைத் திறக்காமல் பிள்ளையின் காலைப் பிடித்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மகள் பிழைத்தாள். என் பயம் இன்னும் கெட்டியானது.

போன வருடம் அக்காவுக்கு ஈரலில் கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். முன்னறையில் கட்டில் போட்டோம். சபையார் வந்தார்கள், ஜெபித்தார்கள், போனார்கள். ஒருவரும் பாடவில்லை. நன்றாகப் பாடும் ஒரு சகோதரியைக் கேட்டேன். "என் வாயால வாணாம் பிரதர்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அக்கா என்னைக் கேட்டார். "நீ ஒரு பாட்டு பாடுடா."

"எனக்குப் பாட வராதுக்கா."

"வராத பாட்டையே பாடு. நான் இன்னா மார்க்கா போடப் போறேன்?"

நான் பாடவில்லை. யாரும் பாடாதவரை அக்கா இருப்பார் என்று நினைத்தேன். டி.வி.யைக் கூட அணைத்து வைத்தேன். ஐந்து நாள் வீட்டில் சத்தமே இல்லை. காலையில் ஜெபம் மட்டும் செய்தோம். சுவர்க் கடிகாரம் ஓடுவது மட்டும் கேட்டது. ஐந்தாம் நாள் அக்கா சொன்னார்:

"நான் பாடி ஒருத்தரும் சாவலடா. சாவப் போறவங்க தனியா போவக் கூடாதுன்னு பாடினேன்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுநாள் மதியம் மனைவி கூப்பிட்டாள். அக்காவின் கண் திறந்திருந்தது. கூப்பிட்டும் திரும்பவில்லை. அப்போதுதான் பாடினேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சரணம். அதையே திருப்பித் திருப்பிப் பாடினேன். மனைவி என் தோளைத் தொட்டாள். "போதுங்க. நீங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க" என்றாள்.

அடக்கத்துக்கு வந்த எல்லாருக்கும் நன்றி. பெட்டி தூக்கிய தம்பிமாருக்கும், தெருவுக்கே டீ கொடுத்த மேல்வீட்டு அம்மாவுக்கும், அன்று கடையை அடைத்துவிட்டுக் கல்லறை வரை வந்த மளிகைக் கடை அண்ணனுக்கும் நன்றி.

உங்கள் வீட்டில் யாராவது படுத்தால் என்னைக் கூப்பிடுங்கள். எனக்கு ராகம் நிற்காது. இருந்தாலும் வருவேன். டாக்டர் கைவிடும்வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் என்றாலே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தம்பி