கிணற்றடியில் சொன்ன விலை

களுதாவளையில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பதில்லை. வேலிப் படலையைத் தாண்டியதும் நேரே கிணற்றடிக்குப் போவார்கள். வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி, வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். அந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் இருப்பதால்தான் அங்கே வெற்றிலையும் மிளகாயும் விளைகின்றன. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டும் முதல் வேலையாகச் சுவருக்கு மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்தேன். எனக்குச் சும்மா இருக்க வராது.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. வீடு என் பெயரில் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்குத் தாய் தன் வீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவளுக்கு இன்னொன்று கட்டுவாள். அம்மாவும் அப்படியே எனக்கு எழுதித் தந்துவிட்டு, கடற்கரைப் பக்கக் காணியில் தங்கச்சிக்குக் கட்டத் தொடங்கினார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது காய்ச்சலில் போய்விட்டார். அதை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கூரை மரத்துக்குச் சொல்லிவைத்திருந்த மாதத்தில் கடல் வந்து அத்திவாரத்தையும் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு போனது.

தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி. அழுத்திக்கூடப் பேசவில்லை.

“ரெண்டு அறையெண்டாலும் பரவாயில்ல மகள். வீட்டு உறுதிப் பத்திரத்தில அவட பேர் இருக்கோணும். அது போதும்.”

என் வீட்டை விற்றால் செங்கலடிப் பக்கம் சின்னதாக இரண்டு வீடு வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒன்று எனக்கும் எனக்குப் பிறகு என் மகளுக்கும், ஒன்று தங்கச்சிக்கு. அலைச் சத்தம் கேட்காத இடம் என்பது இன்னொரு ஆசை. அந்த நாட்களில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் எழுந்து முற்றத்துக்குப் போய் நிற்பேன். ஒரு பதினெட்டு லட்சம் வந்தால் எல்லாம் சரி.

ஆனால் கிணற்றுக்குள் கடல் புகுந்திருந்தது. ஊரில் எல்லாரும் இறைத்தார்கள், நாங்களும் இறைத்தோம். பிறகு ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கையில் சின்ன மீற்றரோடு வந்து வீடு வீடாகத் தண்ணீரைச் சோதித்தாள். எங்கள் கிணற்றுச் சுற்றுக்கட்டில் பச்சைப் பெயின்ற்றால் உப்பின் அளவை எண்ணாக எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, இனி மிசின் போட்டு இறைக்காதீங்க. கீழ உப்புத் தண்ணி இரிக்கி. அதுக்கு மேல மழைத்தண்ணி மெல்லிசா நிக்கிது. நீங்க இறைக்க இறைக்க கீழ இருக்கிறதுதான் மேல வரும். ரெண்டு மாரி சும்மா விடுங்க, தன்பாட்டில மாறும்.”

தலையை ஆட்டினேன். அவள் படலையைத் தாண்டியதும் தேங்காய்த் தும்பால் அந்த எண்ணைத் தேய்த்து அழித்தேன். இரண்டு மாரியாம்! மாப்பிள்ளை வீட்டுக்கு யார் பதில் சொல்வது? இறைக்காத கிணற்றில் பாசி பிடிக்கும், இலை அழுகும். பச்சைத் தண்ணீரைப் பார்த்து எவன் விலை சொல்லுவான்? படித்த பிள்ளைதான், ஆனால் வீடு விற்றுப் பார்த்தவள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

புரோக்கர் ஆள் கூட்டிவருவதாகச் சொன்னால், முதல் நாளே என் கணவரிடம் அவருடைய மிளகாய்த் தோட்டத்து மிசினை இழுத்துவரச் சொல்லுவேன். கிணற்றை அடி தெரிய இறைத்து, சுவரை உரசிக் கழுவி, மேலே வலை கட்டுவேன். புதுத் தண்ணீர் கண்ணாடிபோல ஊறும். குரோட்டன் சாடிகளைப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் வைப்பேன். தேத்தண்ணீருக்கு மட்டும் கோயில் பக்கத்துக் கிணற்றிலிருந்து பிளாஸ்டிக் கானில் தண்ணீர் வரும்.

முதலில் வந்தவர் கல்முனையில் கடை வைத்திருப்பவர். அவர் கிணற்றடிக்குப் போகுமுன் மடக்கிப்பிடித்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். ஒரு முடக்குக் குடித்துவிட்டு, “நல்ல தண்ணி” என்றார். புரோக்கர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு அந்த மனுசன் எழுந்துபோய் வாளியை இறக்கினார். வாயில் வைத்ததும் குரோட்டன் சாடிக்குள் துப்பினார். இருபதுக்குக் கேட்கலாம் என்று நான் நினைத்திருந்த வீட்டுக்கு, படலையடியில் நின்று எட்டு லட்சம் என்றுவிட்டுப் போனார்.

அடுத்த ஆள் வருமுன் இரண்டு தரம் இறைத்தேன். தண்ணீர் இன்னும் தெளிந்தது, உப்பும் கூடியது. அதற்கு அடுத்தவருக்கு மூன்று தரம். தங்கச்சி வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அக்கா, அந்தப் பிள்ளை சொன்னதை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே. சும்மா விடுங்களன்.”

“சும்மா விட்டா வீடு விக்குமா? உனக்காகத்தானே ஓடுறன்!”

நான் அந்தச் சொல்லால் அவள் வாயை எத்தனை தரம் அடைத்தேன் என்று எனக்கே தெரியாது.

இதற்கிடையே சண்டை மறுபடி தொடங்கியது. காலையில் ரேடியோச் செய்தி கேட்டுவிட்டு விலையை மாற்றுவேன். பேச்சுவார்த்தை என்றால் ஒரு லட்சம் ஏற்றுவேன், ஷெல் என்றால் இரண்டு லட்சம் இறக்குவேன். புரோக்கர் சலித்துப்போய், “மகள், மீன் விலைகூட இப்பிடி மாறாது” என்றார். வாகரைப் பக்கத்திலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்த பிறகு அவர் வருவதையே நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுத்திருந்தார்கள். பிறகு மாப்பிள்ளை வேலை தேடிக் கட்டாருக்குப் போனான். போய் ஒரு வருடத்தில் அவனுக்கு வேறு இடத்தில் கலியாணம் என்று கேள்விப்பட்டோம். தாய்க்காரி நேரில் வந்து தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கச்சி அழவில்லை. எனக்கு யாரிடம் கோபப்படுவதென்று தெரியாமல், குரோட்டன் சாடிகளைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தேன்.

என் கணவருக்குச் செங்கலடியில் பலகை விற்கும் ஒரு மரக்காலையில் வேலை கிடைத்தது. மிசினை விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போனோம். பூட்டிய வீட்டில் யார் வந்து குடியேறுவார்கள் என்று சொல்ல முடியாத காலம். அதனால் தங்கச்சி தான் நிற்பதாகச் சொன்னாள். இரவில் பக்கத்து வீட்டுச் சித்தி துணைக்கு வந்து படுத்துக்கொள்வார். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். கிணற்றடிப் பக்கம் போகவே மாட்டேன்.

சண்டை முடிந்து பாதைகள் திறந்தன. வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் காணி தேடி வந்தார்கள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புருசனும் பெண்சாதியும் வந்து நிற்பதாகத் தங்கச்சி போன் பண்ணினாள். நான் பஸ் பிடித்து ஓடி வந்து பார்த்தபோது சுவரில் மஞ்சள் உரிந்து கிடந்தது. கிணற்றுக் கட்டில் பாசி, தண்ணீரில் வேப்பிலை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படியா ஒரு வீட்டைக் காட்டுவது?

அந்த மனிதர் வாளியை இறக்கி, இலையை ஒதுக்கி, கை நிறைய அள்ளிக் குடித்தார். பிறகு இன்னொரு கை. “இனிக்கிதப்பா” என்று மனைவியிடம் சொன்னார். நான் நம்பாமல் அதே வாளியில் அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர். அம்மா காலத்துத் தண்ணீர். தங்கச்சி என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்:

“மிசின் இல்லையே அக்கா. மழை பெஞ்சிது. வாளியால அள்ளினன், அவ்வளவுதான்.”

இருபது என்றேன். அவர் பேரம் பேசவே இல்லை. இரண்டு வீட்டுக்கும் போதும், கைக்குக் கொஞ்சம் மிஞ்சும். அப்போது அந்தப் பெண் கிணற்றை எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

“முதல் வேலையா பெரிய மோட்டர் ஒண்டு போட்டு இதை அடியோட இறைச்சுக் கழுவோணும்.”

“ஐயோ, இறைக்காதீங்க!”

நான் போட்ட சத்தத்தில் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குமேல் மூடிமறைக்க முடியவில்லை. கீழே உப்பு இருப்பதையும், மீற்றரோடு வந்த பெண் சொன்னதையும், நான் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகத்தில் விலை இறங்குவது தெரிந்தது. தங்கச்சி என்னைத் தடுக்கவில்லை.

பதின்மூன்றில் முடிந்தது. மோட்டர் போடாமல் வாளியால் அள்ளிக்கொள்கிறோம் என்றார்கள். பதின்மூன்றுக்குச் செங்கலடிப் பக்கம் ஒரு வீடுதான் கிடைத்தது. அந்த உறுதியில் தங்கச்சியின் பெயரை எழுதச் சொன்னேன். என் கணவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் இன்னும் வாடகையில்தான் இருக்கிறோம்.

அவள் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். பேசி வந்த இரண்டு இடத்தையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். போன கிழமை போயிருந்தேன். கிணற்றில் மாவிலை மிதந்தது. கை தன்னாலே வாளிக்குப் போனது.

“விடுங்க அக்கா. இலைதானே, கிடக்கட்டும்.”

எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்ததை அங்கேயே நின்று சொன்னேன். “உன்ட கலியாணத்தை நான்தான் இறைச்சு ஊத்தினன்.”

இல்லை என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன்.

“ஓம் அக்கா” என்றாள். பிறகு தேத்தண்ணீர் போட உள்ளே போனாள்.