போர்வைக்குள் மறைத்த கால்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தேன். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்ததும், மகளும் மருமகனும் மதுரையில் பைபாஸ் ஆபரேஷனுக்குச் சேர்த்தார்கள். "கால்ல புண்ணு இருக்கா ஆத்தா?" என்று நர்ஸ் கேட்டார். மருமகன் நின்றதால் கூச்சப்பட்டு இல்லை என்றேன். இரண்டு கெண்டைக்காலிலும் அட்டை கடித்த இடம் சீழ் வைத்திருந்தது.

சாயங்காலம் ஆபரேஷன் டாக்டர் வந்தார். "நாளைக்கு உங்க கால்ல இருந்து ரத்தக்குழாய எடுத்துத்தான் நெஞ்சுல தைக்கப்போறேன். காலைக் காட்டுங்க" என்றார்.

கையில் குளுக்கோஸ் ஊசி, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மருமகன். எழுந்து ஓடவும் முடியாது, பொய் சொன்னேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நெஞ்சையே தெறக்கப் போறவருகிட்ட காலுக்கு என்னாத்தா வெக்கம்?" என்றாள் மகள். மருமகன் சிரித்தபடி வெளியே போய்விட்டார்.

நான் போர்வையை விலக்க, டாக்டர் பார்த்துவிட்டு, "இதோட அறுத்திருந்தா உசுருக்கே ஆபத்து ஆத்தா. ஆறட்டும்" என்றார். புண் ஆறும்வரை, அடுத்த வலி எப்போது வருமோ என்று அந்தக் கட்டிலிலேயே கிடந்தேன். பிறகுதான் ஆபரேஷன் நடந்தது.

இப்போதெல்லாம் போடி ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனாலும், கேட்கும் முன்பே காலைக் காட்டிவிடுகிறேன்.

ரத்தக்குழாய் பற்றி நான் எழுதியது சரிதானா என்று ஒரு டாக்டரிடம் கேட்டுவிட்டு இதை அச்சில் போடுங்கள்.